டென்வரின் தொடக்கக் காலத்தைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். கொலராடோவில் குடியேறிய தமிழன் எழுதுகிறேன். டென்வரின் ஆரம்பக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக வரும் வரிசை எனக்கு மனப்பாடம். 1858இல் தங்கம், அதே ஆண்டு லாரிமர் ஊரை நிறுவியது, 1863இல் தீ, 1864இல் செர்ரி கிரீக் வெள்ளம், 1870இல் ரயில். எல்லாம் உண்மைதான். தங்கம் அலசும் தட்டை எடுத்துவிடவும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். ஆனால் தயவுசெய்து 1864இல் அமெரிக்கப் படையினர் பழங்குடியினரைக் கொன்ற சாண்ட் கிரீக் படுகொலையைத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள்.

அது நடந்த இடம் தொலைவில்தான், சரி. ஆனால் அது இந்த ஊரின் கதை. 1851இல் அமெரிக்க அரசு செய்த ஒப்பந்தம் செயான், அரப்பஹோ பழங்குடி மக்களுடையது என்று ஏற்றுக்கொண்ட நிலத்தில்தான் டென்வரே எழுந்தது. 1864 செப்டம்பரில் செயான் தலைவர் பிளாக் கெட்டிலும் மற்றத் தலைவர்களும் சமாதானம் பேச வந்த வெல்ட் படைமுகாம் இருந்த இடம் இன்று நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டே மாதத்தில், நவம்பர் 29 அன்று, கர்னல் சிவிங்டனின் படை அவர்களுடைய குடியிருப்பைத் தாக்கியது. இறந்த சுமார் 230 பேரில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். திரும்பி வந்த படைக்கு டென்வர் தெருக்களில் வரவேற்பு. வெட்டி எடுத்த தலைத்தோல்களை இங்கே நாடக அரங்கில் காட்டினார்கள். ஊர்ப் பத்திரிகையும் புகழ்ந்தது.

அந்தப் படையில் இருந்தும் அன்று சுட மறுத்தவர் கேப்டன் சைலஸ் சோல். படுகொலை பற்றிய விசாரணையில் சாட்சி சொன்னார். 1865 ஏப்ரலில், திருமணமான சில வாரங்களில், டென்வர் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தை உங்கள் நகர வரைபடத்தில் குறியுங்கள்.

அப்புறம் ஜான் எவன்ஸ். அப்போதைய கொலராடோ ஆளுநர், சாண்ட் கிரீக்கை ஒட்டிப் பதவி இழந்தவர். பிறகு ஊருக்கு ரயிலைக் கொண்டுவர முன்நின்றவரும் அவரே. ரயில் பலகையில் ஓர் எவன்ஸ், படுகொலை அறையில் இன்னோர் எவன்ஸ் என்று வைத்தால் பார்ப்பவருக்கு இருவரும் ஒருவரே என்று எப்படித் தெரியும்? டென்வரின் மக்கள்தொகையையும் பாருங்கள்: 1860இல் 4,749 பேர், 1870இல் 4,759 பேர். பத்து வருடத்தில் கூடியது பத்தே பேர்! செத்துவிடுமோ என்று பயந்த ஊர் அது. அந்தப் பயமும் நில ஆசையும் சேர்ந்து என்ன செய்தன என்பதை ஒரே சுவரில் காட்டலாமே.

2012இல் கொலராடோ வரலாற்று அருங்காட்சியகம் வைத்த சாண்ட் கிரீக் காட்சி, பழங்குடியினரைச் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்ற எதிர்ப்பால் மூடப்பட்டது. அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய புதிய காட்சி 2022இல் திறந்தது. தங்கம், தீ, ரயில் பற்றிய காட்சிக்கும் அவர்களை அழையுங்கள். கண்ணாடிப் பெட்டியெல்லாம் செய்து முடித்த பிறகு அல்ல, முதல் கூட்டத்துக்கே.

இப்படிக்கு,
கொலராடோவாழ் தமிழன் ஒருவன்