ஆங்கிலம்–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு: ‘ஷாராபாங்’ குறித்து ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் நடக்கும் பழைய கதையொன்றை அண்மையில் தமிழாக்கினேன். அதில் வந்த ‘ஷாராபாங்’ என்னும் சொல்லுக்கு, என்னிடமுள்ள அகராதி ‘சுற்றுலாப் பேருந்து’ என்று மட்டும் பொருள் தந்திருந்ததால், அப்படியே எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் தள்ளி மழை பிடித்துக்கொள்கிறது. பயணிகள் எழுந்து நின்று கனத்த கித்தான் கூரையை இழுத்து மூடுகிறார்கள். கையெழுத்துப்படியைப் படித்த நண்பர், “பேருந்துக்குள் எப்படி ஐயா மழை பெய்யும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். ‘ஷார் ஆ பாங்’ என்னும் பிரெஞ்சுத் தொடருக்குப் ‘பெஞ்சுகள் உள்ள வண்டி’ என்பதே பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைகள் இழுத்த அவ்வகை வண்டியொன்றைப் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் 1844-இல் விக்டோரியா அரசிக்குப் பரிசளித்தார். பின்னர் அதே பெயர் மோட்டார் வண்டிக்கும் வந்து, பேச்சில் ‘ஷாரா’ என்று சுருங்கியது. அகலவாக்கில் வரிசையாகப் பெஞ்சுகள், பல வண்டிகளில் ஒவ்வொரு பெஞ்சுக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு, திறந்த மேற்புறம், கெட்டி ரப்பர் சக்கரங்கள்: இவைதாம் அதன் அடையாளம். 1918-இல் போர் முடிந்ததும் இராணுவம் கழித்த லாரிகள் மலிவாகக் கிடைத்தன. வார நாள்களில் சரக்கு ஏற்றிய அடிச்சட்டத்தின் மேலேயே வாரக் கடைசியில் பெஞ்சுக் கூட்டைத் தூக்கிவைத்து, ஆலைத் தொழிலாளர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றவர்களும் உண்டு. கடலையே பார்த்திராத பலருக்கு அதுவே முதல் உல்லாசப் பயணம் என்பதால், அந்தச் சொல்லில் ஒரு தலைமுறையின் விடுமுறை நாள் தங்கியிருக்கிறது. மூடிய, காற்றடைத்த சக்கரங்கள் கொண்ட பேருந்துகள் பெருகியதும் வண்டி மறைந்தது. சொல் கதைகளில் எஞ்சியது.

ஆகவே, அடுத்த பதிப்பில் இச்சொல்லுக்கு ‘வழக்கொழிந்தது’ என்னும் குறிப்பும், பிரெஞ்சு மூலமும், ‘திறந்த பெஞ்சு வண்டி, முதலில் குதிரை, பின்னர் மோட்டார்’ என்னும் விளக்கமும் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘பெஞ்சு வண்டி’ என்பதையே தமிழ் நிகராகத் தரலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சு ‘பாங்’கும், நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘பெஞ்சு’ம் ஒரே செருமானிய வேரில் பிறந்தவை, எனவே இந்த நிகர் வேரோடும் பொருந்தி நிற்கும். என் கையெழுத்துப்படியில் அவ்வாறே திருத்திவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்