தங்கையின் இரத்தப் பரிசோதனை குறித்து

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய தங்கையின் பரிசோதனைத் தாள்களும் கிடைத்தன. ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இத்தகைய தாள்கள் என் கைக்கு வருவது அரிதாகிவிட்டதால், ஓர் இரவு முழுவதும் அவற்றோடு உட்கார்ந்துவிட்டேன். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் இரத்தப் புரதத்தின் அளவு லிட்டருக்கு 7 மில்லிகிராம் என்றிருப்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து இதய வால்வுகளைப் பழுதாக்கும் நோய்) திரும்பிவிட்டதோ என்று கேட்டிருக்கிறாய். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது.

இந்தப் புரதத்தை 1930இல் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்தனர். உடலில் எங்கேனும் அழற்சி தோன்றினால், அங்கிருந்து புறப்படும் இன்டர்லூக்கின்-6 என்னும் வேதித் தூது கல்லீரலை எட்ட, கல்லீரல் சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி.யைச் சுரக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரமே என்பதால், அழற்சி தணிந்ததும் அளவும் விரைவில் இறங்கிவிடும். ஆனால் அழற்சி இதய வால்விலா, ஈறிலா, தொண்டையிலா என்பதை அது சொல்வதில்லை. புகைபிடித்தலும் உடற்பருமனும்கூட அதைச் சற்று உயர்த்தும்.

ஈ.எஸ்.ஆர். என்னும் மற்றோர் அழற்சிச் சோதனை இன்னும் மந்தமானது. சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது ஃபைப்ரினோஜென் என்னும் இரத்தப் புரதம் என்பதால், அழற்சி அடங்கிய பிறகும் அது வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும்; இரத்தசோகை இருந்தால் அழற்சி இல்லாமலேயே ஏறும். அதைவிட வேடிக்கை, இதயம் பலவீனமடைந்திருக்கும்போது அது தாழ்ந்தும் காட்டக்கூடும். நோய் முற்றியவரின் தாளில் நல்ல எண்ணைக் கண்டு ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

புதிதாக வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இவற்றுக்கு உரிய இடம் உண்டு. அந்நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் கைக்கொள்ளும் ஜோன்ஸ் அளவுகோலின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சி.ஆர்.பி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதையும், நோய் பரவலாக உள்ள மக்களிடையே ஈ.எஸ்.ஆர். மணிக்கு 30 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டுவதையும் (அரிதாக உள்ள இடங்களில் 60) சிறு அடையாளங்களாகவே கொள்கிறது. இதய அழற்சி, மூட்டு வீக்கம் போன்ற பெரிய அடையாளங்களும், முன்னர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் தொண்டைக் கிருமியின் தொற்று ஏற்பட்டதற்கான சான்றும் இல்லாமல் இவை தனித்து நிற்கா. தங்கையின் 7 அந்த எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

ஆனால் உன் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. பல ஆண்டுகளாக மிட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது) சுருங்கியிருப்பவர்களிடம் சி.ஆர்.பி., நோயற்றவர்களைவிடச் சராசரியில் சற்று உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; அறுவையில் எடுக்கப்பட்ட இடது மேலறைத் திசுவில், முதல் காய்ச்சலுக்குப் பல ஆண்டுகள் கழித்தும், ஆஷாஃப் முடிச்சுகள் எனப்படும் அழற்சித் தடயங்கள் தென்பட்டதுண்டு. ஆகவே அடுப்பு முற்றிலும் அணையாமல் சாம்பலுக்கடியில் கனன்றுகொண்டிருக்கிறது என்பது ஒரு கருத்து. இதயத்தின் பளுவும் ஒழுங்கற்ற துடிப்பும் தாமாகவே இந்தப் புரதத்தை உயர்த்துகின்றன என்பது இன்னொரு கருத்து. என் மனம் இரண்டும் கலந்தே இருக்கும் என்ற பக்கம் சாய்கிறது. வடுப்பட்டுத் தடித்த வால்வு, இரத்தம் சுழித்தோடும் வேகத்தாலேயே மேலும் தேயக்கூடியது. அழற்சி முழுதும் அடங்கிய பின்னும் குறுகல் வளரலாம். ஆகவே குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதி கொள்வதும் கூடிய எண்ணைக் கண்டு கலங்குவதும் ஒருபோலத் தவறு.

செய்யவேண்டியவற்றில் முதலாவது, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசியை இந்த எண்ணை நம்பி நிறுத்திவிடாதிருப்பது. அது இருக்கும் அழற்சியைத் தணிப்பதற்கன்று, அடுத்த தொண்டைத் தொற்றைத் தடுப்பதற்கே போடப்படுகிறது. சளியோ தொண்டை வலியோ இருந்த நேரத்தில் இரத்தம் எடுத்திருந்தால், அது ஆறிய பிறகு ஒருமுறை மீண்டும் பார்க்கலாம். விடாத காய்ச்சலோடு சி.ஆர்.பி. பெருமளவு உயர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பழுதான வால்வில் கிருமி குடியேறியிருக்கலாம், ஆதலால் ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கும்படி மருத்துவரிடம் கேள்.

நீ அனுப்பிய தாள்களில் எக்கோ (இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் சோதனை) அறிக்கை மட்டும் இல்லை. அதில் மிட்ரல் வால்வின் பரப்பளவு என்னவென்று குறித்திருப்பார்கள். இயல்பில் அது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர், 1.5க்குக் கீழே வந்தால் கடுமையான குறுகல் எனக் கொள்வார்கள். சென்ற ஆண்டு அறிக்கையும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்பு. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குச் சிறிய எழுத்துகள் நன்றாகத் தெரிகின்றன. தங்கைக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்