நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஃபால்கிர்க் உலாக்களும் சந்தா பாக்கியும்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடை விளையாட்டுப் போட்டி, தீபாவளி ஒன்றுகூடல் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய வருகை (கோரம்) இல்லாமல் கலைந்தது.

இவ்வாண்டின் புதுப்பணி, ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் வட்டார வரலாற்று இடங்களுக்கு ஞாயிறு உலாவும், ஊரிலிருந்து வரும் பெற்றோர் கையில் கொடுக்க ஒரு தமிழ்க் கையேடும். "எடின்பரோ கோட்டை இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். பதிலைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

முதல் உலா, கால்வாய்ப் படகுகளை ஏற்றி இறக்கும் ஃபால்கிர்க் சக்கரத்துக்கு. யூனியன் கால்வாய் மேலே, ஃபோர்த் - கிளைட் கால்வாய் கீழே. இடையில் 35 மீட்டர். முன்பு 11 மதகுத் தொட்டிகளை ஒவ்வொன்றாக நிரப்பி, வடித்துப் படகைக் கொண்டுசெல்ல ஏறக்குறைய ஒரு பகல் பிடித்தது. 1933-இல் அவற்றைப் பிரித்துவிட்டார்கள். 2002-இல் திறந்த இந்தச் சக்கரம் 24 மீட்டரை ஐந்தே நிமிடத்தில் தூக்குகிறது. மீதி 11 மீட்டருக்கு மேலே இரண்டு மதகுத் தொட்டிகள். சக்கரத்தின் இரு பக்கமும் தண்ணீர் நிரம்பிய தொட்டிகள். ஒரு பக்கம் படகு, மறுபக்கம் வெறும் தண்ணீர் என்றால் சாயாதா என்று வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். சாயாது. படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் தொட்டிக்குள் வருகிறது. இரண்டு தட்டும் எப்போதும் சமம். அதனால் அரைச் சுற்றுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரமே போதும். வீட்டில் ஒன்றரை மணி நேரம் இஸ்திரி போடும் செலவு! குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் படகு ஓடாத நாட்கள் உண்டு, பார்த்துவிட்டுக் கிளம்பவும். ரயிலில் வருவோர் இறங்க வேண்டியது கேமலன் நிலையம். இதை மூன்று முறை அறிவித்தும், பெயரைப் பார்த்து ஃபால்கிர்க் ஹை நிலையத்தில் இறங்கியவர்கள் நால்வர்.

சக்கரத்திலிருந்து ரஃப் காசில் நடை தூரம். கி.பி. 142-ஐ ஒட்டி ரோமானியர் எழுப்பிய அன்டோனைன் சுவரின் கோட்டை அது. கற்சுவரை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கல் பரப்பிய அடித்தளத்தின்மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிய சுவர். இன்று மேடும் அகழியும் மட்டுமே மிச்சம். வடபுறத்தில் வரிசை வரிசையாகக் குழிகள்: உள்ளே கூர்முனைக் கழி, மேலே தழை மூடாக்கு. நம் ஊர் யானைக்குழிக்குத் தம்பி என்று கையேட்டில் எழுதியதைச் சிலர் குறை சொன்னார்கள், திருத்தும் உத்தேசமில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் குழிகள் நிழலோடு துலங்கும். நடுப்பகலில் வெறும் புல்தரை. சேறு உண்டு, செருப்பு உதவாது.

கெல்பிஸ் எனும் குதிரைத் தலைச் சிற்பங்கள் (30 மீட்டர் உயரம்) பார்த்தாயிற்று. படம் எடுக்கத்தான் அதிக நேரம் போனது.

டன்மோர் அன்னாசி, அதாவது உச்சியில் கல் அன்னாசியைத் தாங்கிய தோட்டக் கட்டடம், அப்படியல்ல. 18-ஆம் நூற்றாண்டில் அன்னாசி இங்கே பெரிய மனிதர் வீட்டுப் பகட்டு. அதைப் பழுக்கவைக்கத் தோட்டச் சுவருக்குள்ளேயே சூட்டுக்காற்று ஓடியது. புகைபோக்கிகள் பூச்சாடி உருவில் ஒளிந்திருக்கின்றன. கல் அன்னாசியின் இலை ஒவ்வொன்றிலும் மழைநீர் தனித்தனியே வடியும்படி செதுக்கியிருக்கிறார்கள். தேங்கினால் உறைந்து விரியும், கல் பிளக்கும். அண்ணாந்து பார்க்காமல் திரும்பியவர்கள் இன்னொரு முறை போகலாம்.

பிளாக்னஸ் கோட்டைக்கு மினி பஸ் அமர்த்தப்பட்டது. பெயர் கொடுத்தவர்கள் 31, வந்தவர்கள் 12. வாடகை முழுதாகக் கட்டப்பட்டது. அன்று காலை ஆறரைக்கு "குழந்தைக்குச் சளி" என்று குழுவில் வந்த ஏழு செய்திகளும் அறிக்கையோடு இணைக்கப்படவில்லை.

வரவு செலவு ஏறத்தாழ ஈடாகிவிட்டது, விவரம் பொருளாளரிடம். கையேட்டு அச்சுக்கூலியில் ஒரு பகுதியைச் செயலாளர் தற்போதைக்குக் கொடுத்திருக்கிறார். உறுப்பினர்களில் பாதிப் பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. தீபாவளிச் சாப்பாட்டு வரிசையில் அந்தப் பாதி முழுமையாகவே நின்றது.

மண்டபம் தந்தவர்களுக்கும், சமையற்குழுவுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு கின்னீல் மாளிகைக்கு உலா. ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தை மேம்படுத்த உழைத்த சிறு கட்டடம் அதன் பின்னால் கூரையின்றி நிற்கிறது. முன்பணம் கட்டியவர்களுக்கே இருக்கை. செயலாளர் பொறுப்பை விரும்பி ஏற்க யாரேனும் முன்வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். கையேட்டின் மீதிப் பிரதிகள் நான்கு அட்டைப்பெட்டிகளில் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் உள்ளன, அவற்றையும் சேர்த்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்