அந்த டேப்லட்டை வீட்டுக்கு அனுப்புங்கள்: மாவட்டக் கல்வி அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிறப்புக் கல்வி வகுப்புக்கு வந்த டேப்லட்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொடுத்த அன்று நீங்களும் வந்திருந்தீர்கள். என் மகன் 'தெரிமா காசே' (மலாயில் நன்றி) படத்தைத் தொட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் புகைப்படம் இன்னும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. டேப்லட்தான் வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் அலமாரிக்குள் போய்விடுகிறது.

அரசாங்கச் சொத்து, பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது உங்கள் இலாகாவின் உத்தரவாம். என் மகனுக்குப் பேச்சு வராது. படத்தைத் தொட்டால் டேப்லட்டில் உள்ள செயலி அவனுக்காகப் பேசும். தண்ணீர், கழிவறை, வேண்டாம் என்று ஒவ்வொரு சொல்லாக ஆசிரியை பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலேயே அழ ஆரம்பித்தான். வயிற்றுவலி என்று நினைத்து அவன் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தார், துப்பிவிட்டான். பல்லாக இருக்குமோ என்று அவன் அப்பா வாயைத் திறந்து பார்க்கப் போனார், விரலைக் கடித்துவிட்டான். அப்புறம் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். எங்கள் வீடு தோட்டத்து லயத்தில், ஒட்டினாற்போல் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று; சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். கிளினிக்கில் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். யாரைக் கேட்கிறார்கள்? கிட்டே யாரையும் விடாமல் அலறியவனுக்குக் காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஞாயிறு முழுவதும் அதே கூத்து. திங்கட்கிழமை டேப்லட் கைக்கு வந்ததும் முதலில் 'தெலிங்கா', அடுத்து 'சாகிட்' என்று தொட்டிருக்கிறான். காது, வலி. ஆசிரியை போன் செய்தபோது நான் தொழிற்சாலையில் இருந்தேன். அன்று மாலை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். காதுக்குள் சீழ் வைத்திருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே அவனால் சொல்லியிருக்க முடியும் ஐயா. டேப்லட் பத்திரமாக இருந்தது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது 2019இலிருந்து அரசாங்கத்தின் கொள்கை. உண்மைதான், என் பிள்ளையை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. அவன் பேச்சை வைத்துக்கொண்டு பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகளை இவர்கள் கற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. பள்ளி மணி அடிக்கும் வரைக்கும்தான் என்று அதில் எங்கும் இல்லை.

தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். பாடநூல்களைக் கடனாகத் தந்து ஆண்டு முடிவில் திரும்ப வாங்குகிறீர்களே, அதே போல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். டேப்லட்டைக் கொடுத்தால் பிள்ளைக்குப் பேச்சே வராமல் போய்விடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட முறைகளைப் பயன்படுத்திய 27 பேரை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கருவி மலாயும் ஆங்கிலமும்தான் பேசுகிறது. நாள் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி பேசுவது தமிழ். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. ஆனால் எங்களைக் கேட்டுவிட்டா வாங்கினார்கள்? பேச்சுப் பயிற்சிக்கு ஈப்போ வரை போக வேண்டும். மாதம் கிடைக்கும் 150 ரிங்கிட் உதவித்தொகை வேன் கட்டணத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. விழாவுக்கு அத்தனை பெரிய பேனர் கட்டக் காசு இருந்தது. அந்தக் காசில் டேப்லட்டுக்கு நல்ல உறை வாங்கியிருந்தால், உடைந்துவிடும் என்ற பயமாவது குறைந்திருக்கும்.

சரி, அதையெல்லாம் பிறகு பேசலாம். இப்போது கேட்பது ஒன்றுதான்: அந்த டேப்லட்டை வீட்டுக்கு அனுப்புங்கள். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அவன் கையில் இருக்கட்டும். தலைமையாசிரியர் மறுக்கவில்லை, உங்களிடமிருந்து கடிதம் வந்தால் போதும் என்கிறார். அடுத்த விடுமுறைக்கு முன் அந்தக் கடிதத்தை அனுப்பி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் படிவமானாலும் நானும் அவன் அப்பாவும் கையெழுத்துப் போடத் தயார்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
பேராக், மலேசியா