உன் மருமகன் செய்த காரியம்

உச்சிப்புளி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பண்டாரிக்கு,

நலம். நீயும் என் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போய்வருகிறது. நீதான் இன்னும் வந்து பார்க்கவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாததற்குத் திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டி முடித்துவிடு. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயமா இல்லையா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மருமகன், அதான் என் பையன், வேலையை விட்டுவிட்டான். சென்னையில் அந்தக் கம்பெனியில் மாசம் 32,000 வாங்கிக்கொண்டிருந்தானே, அதைத்தான். விட்டு மூன்று மாசம் ஆகிறது. இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா? அரியமான் கடற்கரையைத் தாண்டிக் கொஞ்சதூரத்தில், கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில். பாத்திரம் கழுவவும், வெங்காயம் உரிக்கவும், மீன் அறுக்கவும். சம்பளம் 14,000. ராத்திரி தங்கவும் அங்கேயே ஒரு கட்டில்.

அவன் அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். தெருமுனை டீக்கடைக்காரருக்குத் தெரியும். நம்ம ஒட்டடைப் பயலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, பார்த்துக்கொள். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பாம்பனில் மீன் ஏலம் எடுக்கிற ஒருவர் எங்க ஐஸ் கம்பெனிப் பாக்கியைத் தீர்க்க வந்தவர், "உங்க பையன் நல்லா பேரம் பேசுறான் அண்ணே, நகரை மீனைப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்குறான்" என்றார். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். பிறகு ராத்திரி படுக்கும்போது உன் தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். அது போதுமே.

நான் சத்தம் போடவில்லை. (நம்பு.) போன சனிக்கிழமை சாயங்காலம், "வா, வெளியே சாப்பிட்டு வரலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. ஆனால் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாயை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள்.

மொத்தமே ஏழு மேஜைதான். தரை வெறும் மணல். இங்கே கச்சான் காற்றும் வாடைக் காற்றும் தவறாமல் அடிப்பதால், பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வருகிறார்களே, அவர்களில் ஒரு நாலு பேர். மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டர் குடும்பம். அப்புறம் நாங்கள். கரும்பலகையில் சாக்பீஸால் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருந்தது. முதல் வரி: "மண்டபம் பூயாபேஸ் – 650 ரூபாய்." என்னவென்று டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். மீன் சூப் என்றது. 650 ரூபாய்க்கு மீன்குழம்பா என்று நான் வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் ஜக்கோடு அவன் வந்து நிற்கிறான்.

ஜக் ஆடியது. நானும்தான். ஆனால் எனக்குள் என்ன பேய் புகுந்ததோ, "என்ன தம்பி, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டேன், யாரோ வழிப்போக்கன் மாதிரி. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அப்புறம், "வாங்க சார். பூயாபேஸ் நல்லா இருக்கும், மீன் இன்னிக்கு விடிகாலை வள்ளத்துல வந்தது சார்" என்றான்.

என்னை சார் என்றான் மாப்ளே. உன் தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்கால்காரர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். 1954-ல் பாண்டிச்சேரி, காரைக்கால் எல்லாம் நம்மிடம் வந்தது, 1962-ல்தான் ஒப்பந்தம் முறைப்படி நிறைவேறியது இல்லையா, அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். இவர் பிரான்சில் மார்செய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம் அடுப்படியில் வெந்துவிட்டு, வயசான காலத்தில் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார். பேச்சு நம்மைப் போலத்தான், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. கப்பலில் சமைத்த காலத்தில் நீ அந்தத் துறைமுகத்தில் இரண்டு மூன்று தடவை இறங்கியிருக்கிறாய், அல்லவா? பழைய துறைமுகத்தில் மீன்காரிகள் காலையில் மேஜை போட்டு விற்பார்கள் என்று நீ எழுதிய கடிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அந்தச் சூப்பின் கதை அங்கேதான். செம்படவர்கள் நல்ல மீனையெல்லாம் விற்றுவிட்டு, விலை போகாத பாறைமீன், முள்மீன்களைக் கரையிலேயே கடல்தண்ணியில் கொதிக்கவைத்துக் குடித்ததாம். கொதிக்கவிடு, பிறகு தீயைத் தணி – பேருக்கே அர்த்தம் அவ்வளவுதானாம். இன்றைக்கு அது பெரிய மனிதர் சாப்பாடு. 1980-ல் மார்செய் ஓட்டல்காரர்கள் கூடி ஒரு சாசனமே எழுதிவிட்டார்கள்: பட்டியலில் உள்ள மீன்களில் நாலு வகையாவது இருக்க வேண்டும், மீனைச் சாப்பிடுகிறவர் கண்ணெதிரே துண்டு போட வேண்டும், இப்படி. அந்தக் கணக்குப்படி இங்கே செய்வதை வெறும் பூயாபேஸ் என்று சொல்லவே கூடாது. அதனால்தான் முன்னால் "மண்டபம்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறார், கெட்டிக்காரர்.

முதலில் சாறு மட்டும் வந்தது. தட்டையான கிண்ணத்தில், துருப்பிடித்த நிறம். பக்கத்தில் வாட்டிய ரொட்டித் துண்டும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு விழுதும். பூண்டு, முட்டை மஞ்சள்கரு, எண்ணெய், மிளகாய் சேர்த்து இடித்தது. "ரூய்" என்று பேர், துரு என்று அர்த்தம். இதற்கு அவர் போடுவது நம்ம முண்டு மிளகாய்! 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதேதான். ரொட்டியில் விழுதைத் தடவி, சாற்றில் மிதக்கவிட்டு, ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். நான் ஊறவிட்டுவிட்டேன்.

குங்குமப்பூவும் சோம்பும் ஆரஞ்சுத் தோலும் மணக்கிறது. புளி இல்லை, தேங்காய் இல்லை. முதல் கரண்டியில், இதென்ன பத்தியக் கஞ்சியா என்று தோன்றியது. மூன்றாவது கரண்டியில் அடித்தொண்டையில் ஏதோ தெரிந்தது. எங்கப்பா வள்ளத்தில் மண்சட்டியில் வைப்பாரே, நாம் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு போய், திரும்பி வந்து உதை வாங்கினோமே, அந்தக் குழம்பின் எலும்பு ருசி. மசாலா வேறு, மண் வேறு, ஆனால் அடியில் இருக்கிற அந்த எலும்பு ஒன்றேதான். தலையையும் முள்ளையும் நசுக்கிப் பிழிந்தால்தான் அது வரும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மீன் வந்தது. விளமீன், ஊளி, நகரை. நகரைக்கு அங்கே உறவுக்காரன் ஒருவன் இருக்கிறானாம், "ரூஜே" என்று, ஒரே குடும்பம், ரொம்பக் கிராக்கி. இங்கே சின்ன நகரை, சங்காயம் என்கிற கழிசல் மீனோடு மீனாகக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. வலைக்காரர்களிடம் அதைத் தனியாகப் பொறுக்கித் தரச் சொல்லி, கூட விலை கொடுத்து வாங்குவது உன் மருமகன். விசைப்படகு மீன் வேண்டாமாம், வள்ளத்து மீன்தான் வேண்டுமாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்கூட அடுப்பு அணையவில்லை என்று கடைக்காரருக்கு அதில் ஒரு பெருமை.

சாப்பாடு முடிந்ததும் கிரேம் காரமேல். உன் தங்கச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கீழக்கரை வட்டலப்பம். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊத்தியிருக்கான், அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காரமேலுக்குச் சாயல்குடிக் கருப்பட்டி போடலாமே என்று கடைக்காரரிடமே யோசனை வேறு. அவர் சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஒயின் கிடையாது, உரிமம் இல்லை. ஊறுகாய் டப்பா கைப்பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே விளக்கு வெளிச்சத்தில் அவன் ஒரு நகரையை அறுத்துக்கொண்டிருந்தான். நான் நிற்பது தெரியாது. இடது கைப் பெருவிரலைச் செவுளுக்குள் விட்டு மீனைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஒரு வெட்டு. கத்தியைச் சாய்த்து நடுமுள்ளை ஒட்டியே வால்வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தவே இல்லை. அப்புறம் சதையை விரல்நுனியால் தடவி, முள் நெருடுகிற இடத்தில் ஒரு சின்னக் குறடை வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பதினொன்று எண்ணினேன். மெக்கானிக்கல் படித்ததற்கு அந்தக் குறடு மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் அந்த இழுப்பு எங்கப்பா கை. அவன் பார்த்ததே இல்லை, அவன் பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டாரே.

இங்கேதான் எனக்குச் சிக்கல். சம்பளம் குறைந்தது கிடக்கட்டும், கடன் கட்ட இன்னும் ஒரு வருஷம்தான். எங்கப்பா என்னை ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளையாக்க எவ்வளவு பாடுபட்டார் என்று உனக்குத் தெரியும். "இந்த வாடை என்னோட போகட்டும்" என்பார். சாகும் வரை எனக்குத் துடுப்பைத் தொட விடவில்லை. நானும் வாடையில்லாமல் வாழ்ந்துவிட்டேன், வெறும் ஐஸ் வாடை. இவனைச் சென்னை வரை தூக்கிவிட்டேன். இரண்டு தலைமுறை ஏறிய படியை இவன் மூன்று மாசத்தில் இறங்கி, அதே கரைக்கு வந்து, அதே மீனை அறுக்கிறான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தவன் கையை முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை.

மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து அவன்தான் பேசினான். எஸ்கோஃபியே என்று ஒரு பிரெஞ்சுக்காரராம், 1870-ல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பட்டாளச் சமையல்காரராக இருந்தவர், அந்த ஒழுங்கைத்தான் பிறகு ஓட்டல் அடுப்படிக்குக் கொண்டுவந்தாராம். ஆளுக்கு ஒரு வேலை, சாமானுக்கு ஒரு இடம். "நீங்க லெட்ஜர் வச்சிருக்கிற மாதிரிதாம்ப்பா" என்றான். என்னைக் குளிர்விக்கச் சொன்னதுதான், இருந்தாலும் குளிர்ந்தது. பாகெட் ரொட்டியைப் பற்றி அரைமணி நேரம். பாரம்பரிய பாகெட் என்று பேர் போட்டு விற்பதற்கு அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான் என்று பிரான்சில் சட்டமே இருக்கிறதாம். நம்ம கடற்காற்றில் மதியத்துக்குள் நமுத்துப் போகிறது, அதற்கு என்ன வழி என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறான். பெண் பார்க்கலாமா என்று கேட்டேன். காதில் விழவில்லை.

இப்போது உன் விஷயம். 1986-ல் நீ பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, கப்பலேறினபோது, "ஆம்பிளை அடுப்பூதப் போறான்" என்று டீக்கடையில் ஊரே சிரித்தது. முதலில் சொன்னது நான்தான். உனக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ரயிலடிக்குக்கூட நான் வரவில்லை, வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன், என் பையன் அடுப்பூதும்போது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் கடையை மூடிவிடுவார்களாம். அந்த நாளில் ரொட்டி வேலை கற்றுக்கொள்ளப் பாண்டிச்சேரி போகிறேன் என்கிறான், சம்பளம் இல்லாமல். அதற்கு முன்னால் நீ ஒரு தடவை வந்து அவனைப் பார். முப்பது வருஷம் கப்பல் அடுப்பில் நின்றவன் நீ. இவன் நிற்பானா, இல்லை இரண்டு வருஷத்தில் முதுகு போய் உட்கார்ந்துவிடுவானா என்று அவன் நிற்கிற நிலையைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிடும். நான் எழுதினேன் என்று மட்டும் அவனிடம் சொல்லாதே. பாலம் பார்க்க வந்தேன் என்று சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. அந்த மொட்டைப் பயலைப் பார்த்தால் என் பணத்தைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்

பின்குறிப்பு: பில்லில் பத்து சதவீதம் குறைத்துப் போட்டிருந்தான். அடித்துவிட்டு முழுசாகக் கொடுத்தேன், 1,700-க்கு நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள். மீதி முந்நூறைத் தட்டில் வைத்து நீட்டி, "டிப்ஸா சார்?" என்று கேட்கிறான், கழுதை. நூறை எடுத்துக்கொண்டு இருநூறை விட்டேன்.