கப்பல் போகிறதா, வருகிறதா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் போட்ட அஞ்சலட்டை நேற்றுக் கிடைத்தது. "கப்பல்கள் போகின்றன, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்" என்று பின்பக்கம் எழுதியிருக்கிறாய்.

இல்லை கண்ணம்மா. அவை வருகின்றன.

பெர்லினில் உன்னோடு இருந்தபோது, நீ வேலைக்குப் போன ஒரு நாள், பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இந்தப் படத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றவள் நான். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1822-இல் தீட்டியது. 55-க்கு 71 சென்டிமீட்டர்தான்; அப்பாவின் தினசரி நாளிதழை விரித்தால் மறைந்துவிடும். மேகத்தை ஒட்டி நிலா எழுகிறது, வானமெல்லாம் கத்தரிப்பூ நிறம். பாறைமேல் இரண்டு பெண்களும் ஓர் ஆணும். மூவரும் நமக்கு முதுகு காட்டியிருக்கிறார்கள். அந்த முதுகுகளை வைத்துத்தான் நீ 'பாவம்' என்று முடிவு கட்டிவிட்டாய்.

இதற்கு ஒரு ஜோடிப் படம் உண்டு, தெரியுமா? 'ஒற்றை மரம்'. இரண்டையும் வரையச் சொன்னவர் வாகனர் என்ற வங்கிக்காரர். (அவர் 1861-இல் விட்டுச்சென்ற 262 படங்களால்தான் அந்தக் கூடமே உருவானது. பணக்காரர்களும் சில நேரம் உருப்படியாக ஏதாவது செய்கிறார்கள்.) 'ஒற்றை மரம்' காலைக் காட்சி: மரத்தடியில் இடையன், பக்கத்தில் ஆடுகள் மேய்கின்றன. காலையில் மந்தை மேய்ச்சலுக்குப் போனால், இரவில் கப்பல் கரைக்கு வராமல் வேறெங்கே போகும்?

பதின்மூன்று வயதில் தம்பியை நீரில் பறிகொடுத்தவர் ஃப்ரீட்ரிக், கடல் அவருக்குத் துக்கம்தானே என்று நீ மடக்குவாய். மறுக்கவில்லை. ஆனால் பால்டிக் கரையில் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்த அந்த மனிதர், 1798 முதல் டிரெஸ்டனில் குடியிருந்தார். அங்கே எல்பே ஆறுதான், கடல் கிடையாது. அங்கே குடியேறி இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, உள்நாட்டில் உட்கார்ந்து கடலை வரைகிறவன், கப்பலை எந்தப் பக்கம் திருப்புவான்?

ஞாயிற்றுக்கிழமை போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுது. வழக்கை அப்புறம் தொடரலாம்.

டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? அப்பா கேட்கச் சொன்னார்.

அம்மா