தமிழ்ப் பள்ளி உணவுக்கூடத்தில் ஒரு மேசை வேண்டும்

அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு, மணியடிக்கும்வரை உணவுக்கூடத்தில் காத்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. வார நாட்களில் நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். என்னோடு உட்காரும் பெண்களில் நான்கு பேருக்கு இதே வேலைதான். ஒருவர் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவர். இன்னொருவர் பி.காம். இரண்டாம் ஆண்டில் கல்யாணமாகி விமானம் ஏறியவர். வகுப்பாசிரியை விடுப்பில் போனால் வகுப்பைத் தாங்குவது நாங்கள்தான். ஆனால் இளங்கலைப் பட்டம் இல்லாமல் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் உரிமம் கிடைப்பது அரிது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் செலவு எல்லாம் போக, கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நூலகத்தில் ஒரு பெண்மணி சொல்லித்தான் ‘க்ளெப்’ (CLEP) என்ற கல்லூரிநிலைத் தேர்வைப் பற்றி அறிந்தேன். 1967 முதல் இருக்கிறதாம். காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்துகிறது. வகுப்புக்கே போகாமல் 90 நிமிடத் தேர்வு ஒன்றை எழுதி, 80-க்கு 50 எடுத்தால், அதை ஏற்கும் கல்லூரியில் பெரும்பாலும் 3 கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளிகள், கிடைக்கும்; சில பாடங்களுக்கு 6. பட்டத்துக்குத் தேவை 120. தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. தேர்வு மையம் தனியாக ஒரு தொகை கேட்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இணைய வகுப்பை முடித்தால் தேர்வுக் கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள், வகுப்பும் இலவசம்.

முதலில் எழுதியது கல்வி உளவியல். மையத்தில் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். கை சில்லிட்டிருந்தது. பத்துக் கேள்வி தாண்டுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகள் என்று ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் தமிழில் உருப்போட்டவையெல்லாம் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தன. காரில் பெல்ட் மாட்டியதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறதே, அது என்ன என்று ஒரு கேள்வி. தண்டனை என்றுதான் கை போகும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உளவியல் ஆசிரியை கரும்பலகையில் கட்டம் போட்டு, “எதிர்மறை வலுவூட்டல் வேறு, தண்டனை வேறு” என்று கத்தியது காதில் கேட்டது. தொல்லை நீங்குவதால் ஒரு பழக்கம் உறுதிப்பட்டால் அது எதிர்மறை வலுவூட்டல், அதுதான் விடை. தேர்வு முடிந்ததும் திரையில் 62 என்று வந்தது. ஊரில் படித்தது வீண் என்று அத்தனை ஆண்டுகளாக நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இதுவரை ஏழு தேர்வுகள், 24 கிரெடிட். ஐந்துக்குப் பணமே கட்டவில்லை.

இதில் நான் அடிபட்ட இடமும் உண்டு. கலை, இலக்கியம் பற்றிய ‘ஹியூமானிட்டீஸ்’ தேர்வை ஆசையாக எழுதித் தேறிய பிறகுதான், நான் சேர நினைத்த கல்லூரி அதை ஏற்பதில்லை என்று தெரிந்தது. அந்தக் கல்லூரி ஆலோசகரிடம் முன்பே இரண்டு முறை போனில் கேட்டிருந்தேன், சரி சரி என்றார். எழுத்தில் வாங்காதது என் தப்பு. பிறகு வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. டிரென்டனில் 1972-இல் தொடங்கிய தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம் போல, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்றே ஏற்பட்டு, தேர்வு கிரெடிட்டுகளைத் தாராளமாக ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. இன்னொன்று: தேர்வில் பெற்ற கிரெடிட்டுக்குப் பெரும்பாலும் தர மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் உரிமத்துக்குக் கல்லூரி மதிப்பெண் சராசரியையும் பார்க்கும் மாநிலங்கள் உண்டு என்பதால், மீதிப் பாடங்களில் நன்றாகவே எடுத்தாக வேண்டும். வகுப்பறைப் பயிற்சியையும் தேர்வெழுதித் தாண்ட முடியாது, அது நியாயமும்கூட.

க்ளெப்பில் மொழித் தேர்வு என்றால் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டுந்தான். தமிழ் இல்லை. அதற்காக யாராவது காலேஜ் போர்டின் கதவைத் தட்டட்டும், கையெழுத்துப் போட நான் முதலில் வருகிறேன். இந்த மடல் அதற்காக எழுதியதன்று.

நான் கேட்பது மிகச் சிறியது. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நீங்கள் ஏற்கெனவே வாடகை கொடுக்கிறீர்கள். அறைக்கு இவ்வளவு என்று கணக்கு இருப்பதும் தெரியும், ஆகவே அறை கேட்கவில்லை. உணவுக்கூடத்தில் சன்னலோரம் இருக்கும் நீள மேசையை அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்குங்கள். “க்ளெப் எழுத நினைக்கும் பெற்றோர் இங்கே வரலாம்” என்று வாராந்தர மின்னஞ்சலில் ஒரு வரி போடுங்கள். உங்கள் தன்னார்வ ஆசிரியர்களிலேயே பட்டம் பாதியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களான அப்பாக்கள் எதிர்மேசையில் கைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிக் கணிதத்துக்கு அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறோம். எந்தக் கல்லூரி எந்தத் தேர்வை ஏற்கிறது என்று நான் எழுதிவைத்த நோட்டை மேசையிலேயே வைத்துவிடுகிறேன்.

புதிய பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு பதில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் நிலை மாணவி ஒருத்தியின் தாய்